மஸ்டாங் காரின் முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும்: ஓர் அங்குல மாற்றத்தின் வரலாறு

1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வெளிவந்த, பெரிய வி8 எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள் மசில் கார்கள் எனப்படுகின்றன. இவற்றின் வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எத்தனை கன அங்குலம், எத்தனை குதிரைத்திறன் என்பவையே முதலில் பேசப்படும். நேர்ச்சாலையில் இந்தக் கணக்கு போதும். வளைவு வந்துவிட்டால், முன் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனும் அவற்றைத் திருப்பும் ஸ்டீயரிங்கும்தான் காரின் தரத்தை முடிவு செய்கின்றன.

இதற்குச் சிறந்த சான்று, போர்டு மஸ்டாங் காரை அடிப்படையாகக் கொண்டு 1965-இல் உருவான ஷெல்பி ஜி.டி.350. அளவில் சிறிய மஸ்டாங்கைப் 'போனி கார்' என்ற தனிப் பிரிவில் சேர்ப்போரும் உண்டு. ஆயினும் மசில் கார்களின் முன்பகுதியை மாற்றியமைக்கும் வழக்கத்துக்கு இந்தக் காரே முன்மாதிரியாக அமைந்தது.

ஃபால்கனிலிருந்து வந்த அடித்தளம்

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. விலை 2,368 டாலரில் தொடங்கியது. முதல் ஓராண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. விலையைக் குறைவாக வைத்திருக்க, போர்டு நிறுவனம் புதிய அடித்தளம் எதையும் உருவாக்கவில்லை. சிக்கனக் குடும்பக் காராக 1960ஆம் ஆண்டு மாடலில் அறிமுகமான ஃபால்கனின் அடித்தளத்தையும் உறுப்புகளையுமே பெரிதும் பயன்படுத்தியது.

ஃபால்கனின் முன் சஸ்பென்ஷன் இரண்டு கைகளைக் கொண்டது. மேலே ஏ வடிவக் கை, கீழே ஒற்றைக் கை. கீழ்க்கை முன்னும் பின்னும் அசையாதபடி ஒரு தண்டு அதைக் காரின் உடலோடு சாய்வாகப் பிணைத்திருக்கும். இரு கைகளின் வெளிமுனைகளும் பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தின் அச்சுத் துண்டைப் பிடித்திருக்கும். பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் சுருள் ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் அமர்ந்திருந்தது. ஃபால்கனிலும் மஸ்டாங்கிலும் அது மேற்கையின் மேல் அமர்ந்தது. ஸ்பிரிங்கையும் அதனுள் இருக்கும் ஷாக் அப்சார்பரையும் தாங்குவதற்காக எஞ்சினின் இருபுறமும் தகரத்தாலான உயர்ந்த கூடுகள் இருந்தன. இவையே ஷாக் டவர் எனப்பட்டன.

ஸ்டீயரிங் அமைப்பும் எளியதே. ஸ்டீயரிங் தண்டின் முனையில், குண்டுகள் சுழலும் வகையைச் சேர்ந்த பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து நீளும் பிட்மன் ஆர்ம் என்ற கை, குறுக்குத் தண்டு ஒன்றை இடமும் வலமும் நகர்த்தும். மறுமுனையில் ஐட்லர் ஆர்ம் என்ற துணைக்கை அந்தத் தண்டைத் தாங்கும். அங்கிருந்து டை ராடுகள் சக்கரங்களுக்குச் செல்லும். வீட்டு உபயோகத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. எடை மிகுந்த வி8 எஞ்சினைத் தாங்கிக்கொண்டு பந்தயத் தடத்தில் வளையும்போது அதன் குறைகள் வெளிப்பட்டன.

வளைவில் சக்கரத்துக்கு என்ன நேர்கிறது?

கார் இடப்பக்கம் திரும்பும்போது அதன் உடல் வலப்பக்கம் சாய்கிறது. எடையின் பெரும்பகுதி வலப்பக்க முன் சக்கரத்தின் மேல் விழுகிறது. அந்தச் சக்கரம் தரையில் நிமிர்ந்து நின்றால் டயரின் முழு அகலமும் சாலையைப் பற்றும். உடலோடு சேர்ந்து அதுவும் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால், டயரின் வெளி விளிம்பு மட்டுமே சாலையில் படும். பிடிப்பு குறையும். ஓட்டுநர் எவ்வளவு திருப்பினாலும் காரின் முன்பகுதி வளைவுக்கு வெளியே வழுக்கிச் செல்லும். சக்கரத்தின் இந்தச் சாய்வுக் கோணத்துக்குக் கேம்பர் என்று பெயர். சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்தால் நேர்க் கேம்பர், உள்ளே சாய்ந்தால் எதிர்க் கேம்பர்.

உடல் சாயும்போது சக்கரம் கூடவே சாயாமல் இருக்க, சக்கரம் மேலேறும்போது அதன் மேற்பகுதி உள்நோக்கி இழுக்கப்பட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது மேற்கை. இதை ஒரு எளிய சோதனையால் விளங்கிக்கொள்ளலாம். கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்தில் நீட்டி, அங்கிருந்து மேலே உயர்த்தினால் விரல் நுனி உடலை நோக்கி நெருங்கும். கையைத் தோளுக்குத் தாழ்வாக வைத்து, அங்கிருந்து தோள் மட்டம் வரை உயர்த்தினால் விரல் நுனி உடலை விட்டு விலகும். தோளை மேற்கையின் உள்முனையாகவும் விரல் நுனியை வெளிமுனையில் உள்ள பால் ஜாயிண்டாகவும் கொள்ளலாம்.

சாதாரண மஸ்டாங்கில் மேற்கையின் உள்முனை மிக உயரத்தில் இருந்தது. ஆகவே வளைவில் சக்கரத்தின் மேற்பகுதி தேவையான அளவு உள்ளே வரவில்லை.

ஷெல்பி ஜி.டி.350

மஸ்டாங்கைக் குடும்பக் கார் என்று மட்டும் மக்கள் எண்ணிவிடக் கூடாது என்று போர்டின் உயர் அதிகாரி லீ ஐயகோக்கா விரும்பினார். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் (எஸ்.சி.சி.ஏ.) பந்தயங்களில் வெல்லும் கார் ஒன்றை மஸ்டாங்கிலிருந்து உருவாக்கும் பணி, முன்னாள் பந்தய வீரர் கேரல் ஷெல்பியிடம் வந்தது. கிளப்பின் விதிப்படி 1965 ஜனவரி தொடக்கத்துக்குள் 100 கார்கள் தயாராக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்ற தகுதிக்கு இரு இருக்கைகள் மட்டுமே இருக்க வேண்டும். எனவே பின் இருக்கை நீக்கப்பட்டது.

சான் ஹோசே ஆலையில் உருவான வெள்ளை நிற மஸ்டாங் கார்கள் கலிஃபோர்னியாவின் வெனிஸ் நகரில் இருந்த ஷெல்பி அமெரிக்கன் பட்டறைக்கு அனுப்பப்பட்டன. 1965-இல் பட்டறை லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையக் கொட்டகைகளுக்கு இடம்பெயர்ந்தது. 289 கன அங்குல எஞ்சினின் திறன் 271-இலிருந்து 306 குதிரைத்திறனாக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஓட்டிப் பார்த்துச் சீர்செய்யும் பணியில் பெரிதும் கவனிக்கப்பட்டது காரின் அடிப்பகுதியே. இங்கிலாந்தில் பிறந்த கென் மைல்ஸ் அந்தச் சோதனை ஓட்டங்களில் முக்கியப் பங்கு வகித்தார்.

ஓர் அங்குலம்

ஜி.டி.350-இன் மிக முக்கியமான மாற்றம் வெளிப்பார்வைக்குத் தெரியாத ஒன்று. ஷாக் டவரில் மேற்கையின் உள்முனையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு வீதம் துளைகள் உண்டு. அவற்றுக்கு 1 அங்குலம், அதாவது சுமார் 25 மி.மீ. கீழே புதிய துளைகள் இடப்பட்டு, மேற்கை அங்கே மாற்றிப் பூட்டப்பட்டது. கையும் ஸ்பிரிங்கும் பழையவைபோலவே இருக்கலாம். மாறுவது பூட்டப்படும் இடம் மட்டுமே.

இதனால் மூன்று பயன்கள் கிடைத்தன. சக்கரம் மேலேறும்போது அதன் மேற்பகுதி உள்நோக்கி இழுக்கப்பட்டது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தப் புள்ளி முன்பகுதியில் உயர்ந்ததால் உடலின் சாய்வு குறைந்தது. ஸ்பிரிங் மேற்கையின் மேல் அமர்ந்திருந்தமையால் காரின் முன்பகுதியும் சற்றுத் தாழ்ந்தது.

இந்த மாற்றம் இன்று 'ஷெல்பி டிராப்' என்றும் 'ஆர்னிங் டிராப்' என்றும் அழைக்கப்படுகிறது. டிராப் என்பது இங்கே தாழ்த்துதல் என்ற பொருளில் வருகிறது. இரண்டாவது பெயர், போர்டு நிறுவனத்தின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கைக் குறிக்கும். சஸ்பென்ஷன் அளவுகளைக் கணினியில் கணக்கிட்ட தொடக்ககாலப் பொறியாளர்களுள் அவரும் ஒருவர். சாதாரண மக்களிடம் ஷெல்பியின் பெயரே நிலைத்தது. இக்கார்களில் வேலை செய்வோர் ஆர்னிங்கின் பெயரையும் மறக்காமல் சொல்கின்றனர்.

இதோடு முன்புறச் சாய்வுத் தடுப்புக் கம்பி 1 அங்குல விட்டம் உடையதாக மாற்றப்பட்டது. கோனி நிறுவனத்தின் சரிசெய்யக்கூடிய ஷாக் அப்சார்பர்கள் பொருத்தப்பட்டன. தொடக்கக் கார்களில் முன்பக்க எடையைக் குறைப்பதற்காகப் பேட்டரியும் பின்புற டிக்கிக்குக் கொண்டு செல்லப்பட்டது.

ஸ்டீயரிங்கை விரைவாக்குதல்

சாதாரண மஸ்டாங்கின் ஸ்டீயரிங் மெதுவானது. சக்கரத்தைச் சிறிது திருப்பவே ஸ்டீயரிங் வளையத்தைப் பெரிதாகச் சுற்ற வேண்டியிருந்தது. நிறுத்துமிடத்தில் இது வசதி. பந்தயத் தடத்தில் இடையூறு. ஷெல்பி பட்டறை ஸ்டீயரிங் பெட்டியை மாற்றாமலேயே இதற்குத் தீர்வு கண்டது. பிட்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் ஆகிய இரண்டையும் நீளமானவையாக மாற்றியது. கை நீண்டதால், பெட்டி அதே அளவு சுழன்றாலும் குறுக்குத் தண்டு கூடுதல் தூரம் நகர்ந்தது.

நெம்புகோல் விதிப்படி, தூரத்தில் கிடைத்த லாபத்துக்கு விசையில் விலை தர வேண்டும். ஸ்டீயரிங் விரைவானது, கூடவே கனமானது. இரு கைகளும் ஒரே அளவில் நீள வேண்டும் என்பதும் முக்கியம். ஒன்றை மட்டும் மாற்றினால் குறுக்குத் தண்டு இணையாக நகராது. இரு சக்கரங்களும் பொருந்தாத அளவில் திரும்பும்.

சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் தனித்தனி அமைப்புகள் அல்ல என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அதன் பாதையைக் கைகள் தீர்மானிக்கின்றன. டை ராடும் தனக்கென ஒரு வட்டப்பாதையில் ஆடுகிறது. இரண்டு பாதைகளும் பொருந்தாவிட்டால், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே ஒரு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். இதனை 'பம்ப் ஸ்டீயர்' என்பர். கையின் இடத்தையோ அச்சுத் துண்டின் உயரத்தையோ மாற்றுபவர் டை ராடின் கோணத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

டவர்களைப் பிணைத்தல்

மஸ்டாங்குக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகவே முன் ஸ்பிரிங்குகளின் விசை முழுவதும் ஷாக் டவர்கள் வழியாகவே உடலுக்குச் செல்கிறது. கடுமையாக ஓட்டும்போது டவர்கள் உள்நோக்கி வளைந்தன. டவர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கேம்பர் மாறிவிடும். கணக்கிட்டு இட்ட துளைக்கும் பொருளிருக்காது.

இதற்காக இரண்டு டவர்களையும் எஞ்சினுக்கு மேலாக இணைக்கும் தண்டு ஒன்று பொருத்தப்பட்டது. இது 'மான்டி கார்லோ பார்' எனப்படுகிறது. டவர்களை எஞ்சின் அறையின் பின்சுவரோடு பிணைக்கும் உறுதியான ஒற்றைத் தகடும் சேர்க்கப்பட்டது. ஏற்றுமதிக் கார்களுக்கென உருவானதால் இதற்கு 'எக்ஸ்போர்ட் பிரேஸ்' என்ற பெயர் வந்தது.

இச்சிக்கல் பின்னாளிலும் தொடர்ந்தது. 1969-இல் வெளிவந்த பாஸ் 302 மஸ்டாங்கின் அகலமான டயர்கள் சாலையை இறுகப் பற்றியதால் டவர்களுக்கு வரும் விசை கூடியது. ஆகவே அக்காரின் டவர்கள் ஆலையிலேயே வலுப்படுத்தப்பட்டன. பிடிப்பு மிகுந்த டயரைப் பொருத்துவதும் ஒரு சஸ்பென்ஷன் மாற்றமே என்பதை இது காட்டுகிறது.

பந்தயமும் செலவுக் கணக்கும்

1965 பிப்ரவரி 14 அன்று டெக்சாஸின் கிரீன் வேலி பந்தயத் தடத்தில் கென் மைல்ஸ் ஓட்டிய ஜி.டி.350 தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. அதன் பிறகு 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் எஸ்.சி.சி.ஏ.யின் 'பி புரொடக்சன்' பிரிவுத் தேசிய வெற்றிக்கோப்பை ஜி.டி.350 ஓட்டியவர்களுக்கே கிடைத்தது.

விற்பனைக் கதை வேறு. 1965-இல் உருவான கார்கள் சுமார் 560 மட்டுமே. கார் கடினமாகக் குலுங்குகிறது, இரைச்சல் மிகுதி, ஸ்டீயரிங் கனம் என்று வாங்கியவர்கள் குறைகூறினர். 4,547 டாலர் விலையும் சாதாரண மஸ்டாங்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

1966ஆம் ஆண்டுக் காரில் பின் இருக்கையும் தானியங்கி கியரும் கிடைக்கலாயின. ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்துக்காக மட்டும் சுமார் 1,000 கார்கள் உருவாக்கப்பட்டன. முந்தைய ஆண்டு மீதமிருந்த உடல்களைக் கொண்டு செய்த முதல் தொகுதிக்குப் பிறகு, மேற்கையைத் தாழ்த்தும் வேலை கைவிடப்பட்டது. துளையிடும் வேலைக்குப் புதிய உறுப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் முடிந்த காரின் முன்பகுதியைக் கழற்றி, துளையிட்டு, மறுபடி பூட்டி, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் ஆகும் அந்த உழைப்பு நேரமே செலவு. பட்டைக் கோடுகளும் காற்றுத் துளைகளும் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிந்தன. துளையின் இடம் தெரியவில்லை. ஆகவே காரின் நடத்தையை மாற்றிய வேலை முதலில் போயிற்று.

பிற கார்களில்

இதே வகைக் குறை மற்ற நிறுவனங்களின் கார்களிலும் இருந்தது. 1967-இல் வந்த செவர்லே கமாரோவில் மேற்கையின் உள்முனையை இடம் மாற்றும் முறை, பந்தய வீரரும் பொறியாளருமான டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் வழங்குகிறது. 1964 முதல் 1972 வரை வந்த போன்டியாக் ஜி.டி.ஓ., செவர்லே செவெல் போன்றவற்றில், ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார்களிலிருந்து உயரமான அச்சுத் துண்டை எடுத்துப் பொருத்தும் வழக்கம் பின்னாளில் பரவியது. அங்கே உள்முனையைத் தாழ்த்துவதற்குப் பதில் வெளிமுனை உயர்கிறது, நோக்கம் ஒன்றே. ஆனால் டை ராடின் கோணத்தைக் கவனிக்காமல் இதைச் செய்த கார்களில் பம்ப் ஸ்டீயர் கூடியது.

கிரைஸ்லர் கார்களில் 1957 முதலே முன்புறம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் இருந்தன. ஒரு போல்ட்டைத் திருகியே காரின் உயரத்தை மாற்ற முடிந்தது.

மஸ்டாங் இரண்டின் பங்கு

1974 மாடலாக வந்த மஸ்டாங் இரண்டு, திறன் குறைந்த எஞ்சின்களுக்காகக் கேலி செய்யப்பட்ட கார். ஆனால் அதன் முன்பகுதியில் ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் இருந்தது. ஸ்பிரிங் இரு கைகளுக்கும் இடையில் அமர்ந்ததால் உயர்ந்த ஷாக் டவர் தேவைப்படவில்லை. அளவில் சிறியதாகவும் எளிதில் கிடைப்பதாகவும் இருந்த இந்த அமைப்பைப் பழைய கார்களை மாற்றியமைப்போர் விரும்பி எடுத்துக்கொண்டனர். பின்னர் பல நிறுவனங்கள் அதே வடிவில் புதிய உறுப்புத் தொகுப்புகளைச் செய்து விற்கத் தொடங்கின. பழைய மஸ்டாங்கின் டவர்களை வெட்டி எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால் பெரிய எஞ்சினுக்கும் இடம் கிடைக்கும்.

இதில் ஓர் இடர் உண்டு. டவர் வழியாக உடலுக்குப் போன விசை, இப்போது கீழே உள்ள மெல்லிய நீளத் தண்டுகளின் மேல் விழுகிறது. அவற்றை வலுப்படுத்தாமல் செய்த மாற்றம் நாளடைவில் விரிசலில் முடியலாம்.

பாதுகாப்பு

ஸ்டீயரிங் மாற்றத்தில் பிழை நேர்ந்தால் அது உயிரோடு தொடர்புடையது. 1965, 1966 மஸ்டாங் கார்களில் ஸ்டீயரிங் தண்டு, பெட்டியிலிருந்து ஓட்டுநரின் மார்பு நேரே வரை ஒரே நீளமான இரும்புத் தண்டாக இருந்தது. முன்பக்க மோதலில் அது ஈட்டிபோலப் பின்னோக்கி வரக்கூடியது. 1965-இல் வெளிவந்த ரால்ஃப் நாடரின் நூலும், 1966-இல் இயற்றப்பட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய ஆபத்துகளின்மீது கவனத்தைத் திருப்பின. மோதலில் ஓட்டுநர்மேல் விழும் தாக்கத்தைக் குறைக்கும் ஸ்டீயரிங் அமைப்புக்கான கூட்டாட்சி விதிகள் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய காருக்கு ராக் அண்ட் பினியன் பொருத்தும்போது அந்த நீளத் தண்டு நீங்கி, மூட்டுகள் கொண்ட தண்டு வருவது ஒரு பாதுகாப்பு நன்மையாகும்.

மேற்கையைத் தாழ்த்துவதிலும் எல்லை உண்டு. 1 அங்குலத்துக்கு மேல் தாழ்த்தும்போது பால் ஜாயிண்ட் தன் இயல்பான கோணத்தைத் தாண்டி இறுகத் தொடங்கும். கோணத்தைச் சரிசெய்யும் ஆப்புத் தகடு இல்லாமல் அவ்வாறு ஓட்டினால் அது முறியக்கூடும். எந்த மாற்றத்துக்குப் பின்னும் வீல் அலைன்மென்ட் புதிதாகப் பார்க்கப்பட வேண்டும். 1960களின் அளவுகள் அன்றைய குறுக்கிழை டயர்களுக்கு உரியவை. இன்றைய ரேடியல் டயர்களுக்கு அவை பொருந்துவதில்லை.

மூலமும் மாற்றமும்

பழைய கார்களைப் பேணுவோரிடையே, ஆலையில் இருந்து வந்தபடியே காரை வைத்திருக்க வேண்டுமா, பாதுகாப்பாக ஓடும்படி மாற்றலாமா என்ற விவாதம் நீண்ட காலமாக உள்ளது. ஜி.டி.350 இந்த விவாதத்தில் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. 1965ஆம் ஆண்டின் ஜி.டி.350-இல் தாழ்த்திய துளையே மூல நிலை. அதே ஆண்டின் சாதாரண மஸ்டாங்கில் அதே துளை ஒரு மாற்றம்.

இரு வழிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு ஒன்று உண்டு. டவரை வெட்டி எடுத்த காரை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் தகர வேலை. மேற்கையைத் தாழ்த்திய காரில், புதிய துளைகளுக்கு 1 அங்குலம் மேலே, ஆலையில் இட்ட துளைகள் அப்படியே இருக்கும். உரிமையாளர் விரும்பினால் நான்கு போல்ட்டுகளைக் கழற்றிக் கைகளைப் பழைய இடத்திலேயே பூட்டிவிடலாம்.